பையனை வெல்டர் படிக்க வைக்கலாமா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் வாலாஜாபாத் டீக்கடைகளில் ஒரு கேள்வி வளைய வர ஆரம்பிக்கும். "பையனை ஐடிஐ-ல வெல்டர் சேர்க்கலாம்னு இருக்கேன். இப்ப எல்லாம் ரோபோ வந்துடுச்சு, ஏஐ வந்துடுச்சுன்றாங்களே, நாளைக்கு வேலை இருக்குமா?" கேட்கிறவர் தறியை விட்டவராக இருப்பார், இல்லையென்றால் பாலாற்று ஓரம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவராக இருப்பார். இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஒரகடம். அதைத் தாண்டினால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வருகிறது. ஆகவே இது பொழுதுபோகாமல் கேட்கிற கேள்வி இல்லை. ஒரு குடும்பத்தின் கணக்கு அதில் இருக்கிறது.

ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள், கொஞ்சம் நேரம் ஆகும்.

வெல்டிங் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று நான்கு வெவ்வேறு வேலைகளை. ஒவ்வொன்றுக்கும் தலையெழுத்து வேறு.

கார் பாடியில் நடப்பது பெரும்பாலும் ஸ்பாட் வெல்டிங். இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, இரு பக்கமும் செம்பு முனையால் அழுத்தி, ஆயிரக்கணக்கான ஆம்பியர் கரண்டை ஒரு நொடிக்கும் குறைவாகப் பாய்ச்சினால், நடுவில் பொட்டு அளவுக்கு இரும்பு உருகி ஒட்டிக்கொள்ளும். ஒரு காருக்கு இப்படி ஏறத்தாழ 4000 முதல் 5000 பொட்டு. அந்தச் செம்பு முனைகளைத் தாங்கும் கன் கனமானது; மேலே ஸ்பிரிங்கில் தொங்கவிட்டிருந்தாலும், எட்டு மணி நேரம் அதை இழுத்து இழுத்து வைப்பவருக்குத் தோள்பட்டை போய்விடும். உலகத்தில் முதல் தொழிற்சாலை ரோபோ வேலைக்குச் சேர்ந்தது 1961-ல், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில். யூனிமேட் என்று பெயர். அதற்கு முதலில் கொடுத்த வேலை, அச்சில் வார்த்த சூடான உலோகத்தை எடுத்து வைப்பது. 1969-ல் அதே கம்பெனி லார்ட்ஸ்டவுன் ஆலையில் ஸ்பாட் வெல்டிங்குக்கு ரோபோக்களை வரிசையாக நிறுத்தியது. நம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ காரை வெளியே விட்டது 1998-ல். அதாவது இந்தப் பக்கம் கார் தொழில் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே ஸ்பாட் வெல்டிங் ரோபோவின் கைக்குப் போய்விட்டது. பெரிய கார் கம்பெனிகளின் பாடி ஷாப்பில் ரோபோ வந்து வேலை போகுமா என்று இன்றைக்குக் கவலைப்படுவதில் அர்த்தம் இல்லை. அந்த வேலையின் பெரும்பகுதி நம் பையன்கள் கைக்கு வரவே இல்லை.

நம் பையன்கள் போனது வேறு இடத்துக்கு. அந்தப் பெரிய கம்பெனிகளுக்கு சீட் ஃபிரேம், சைலன்சர், பைக் சேசிஸ், பிராக்கெட் என்று செய்து அனுப்பும் சப்ளையர் கம்பெனிகள். அங்கே ஓடுவது சிஓ2 வெல்டிங். துப்பாக்கி மாதிரி டார்ச், அதன் வழியாகத் தானே வந்துகொண்டிருக்கும் மெல்லிய கம்பி, காற்று உள்ளே புகாமல் மூடிக்கொள்ள வாயு. ஆபரேட்டர் என்ன செய்கிறார்? ஜிக் என்கிற பிடிப்புச் சட்டத்தில் நான்கு பீஸை வைப்பார், கிளாம்பை இறுக்குவார், ஹெல்மெட்டை இறக்குவார், நான்கு இடத்தில் பீட், அதாவது வெல்டிங் வரி, போடுவார், கிளாம்பைத் திறப்பார், அடுத்தது. ஷிப்டு முடியும்வரை இதேதான். இரண்டு வருஷம் ஒரே ஜிக்கில் நின்றவர்கள் உண்டு. செட்டிங்கை யாரோ வைத்துப் பூட்டியிருப்பார்கள். கரண்டையும் கம்பி வேகத்தையும் இவர் தொடக் கூடாது. சம்பளச் சீட்டில் வெல்டர் என்றிருந்தாலும் இவர் உண்மையில் வெல்டிங் மெஷின் ஆபரேட்டர். ரோபோவின் கண் இப்போது இவர் மேல்தான்.

ஒரு ரோபோ செல் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடுவோம். சுற்றிலும் மஞ்சள் கம்பி வேலி, ஒளி கண்ணைத் தாக்காமல் இருக்கக் கருஞ்சிவப்புத் திரை. நடுவில் ஆறு மூட்டுள்ள ஒரு கை, அதன் நுனியில் டார்ச். எதிரும் புதிருமாக இரண்டு மேசை. ஆபரேட்டர் ஒரு மேசையில் பீஸ்களை அடுக்கிவிட்டு வெளியே வந்து இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்துவார். ஏன் இரண்டு? ஒரு கை உள்ளே மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக. மேசை திரும்பும், ரோபோ பீட் போட ஆரம்பிக்கும். அது போடுகிற நேரத்தில் இவர் மறுபக்க மேசையில் அடுத்த செட்டை அடுக்குவார். ரோபோ டீ குடிக்கப் போகாது, கண்ணைக் கசக்காது, மூன்றாவது ஷிப்டில் தூங்கி வழியாது. மூன்று நான்கு பேர் பீட் போட்ட இடத்தில் அடுக்குவதற்கு ஒருவர், ஏழெட்டு செல்களைச் சுற்றி வந்து பார்த்துக்கொள்ள ஒரு டெக்னீஷியன் என்று ஆகிவிடுகிறது.

அந்த அடுக்குகிறவருக்கு வெல்டிங் தெரிய வேண்டியதில்லை. ஹெல்மெட் கூடத் தேவையில்லை. அதனால் அவருக்குச் சம்பளமும் குறைவு. நாளைக்கு அவரை மாற்றுவதும் சுலபம். ரோபோ வந்தால் கஷ்டமான வேலை போய் நல்ல வேலை வரும் என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்கள். பாதி உண்மை. டெக்னீஷியனுக்கு அது உண்மை. அடுக்குகிறவரிடமிருந்து தொழில் போய்விட்டது, தூக்கி வைக்கிற சுமை மட்டும் மிஞ்சியது.

சரி, இதில் ஏஐ எங்கே வருகிறது? பழைய வெல்டிங் ரோபோவுக்குக் கண் கிடையாது. டீச் பெண்டன்ட் என்று ஒரு கைப்பலகை இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ரோபோ கையைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி, இங்கே ஆரம்பி, இந்த வேகத்தில் போ, அங்கே நிறுத்து என்று பதிய வைப்பார். பிறகு அது சொன்னதை அப்படியே செய்யும். பீஸ் ஒரு மில்லிமீட்டர் விலகி உட்கார்ந்திருந்தாலும் சொன்ன இடத்தில்தான் பீட் போடும். இரும்பு இல்லாத இடத்திலும் போடும். தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ்ஸில் டை என்கிற அச்சு தேய்ந்துபோய் இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளி விழுந்தால், கை வெல்டர் டார்ச்சை லேசாக ஆட்டி, வேகத்தைக் குறைத்து, நிரப்பிக்கொண்டு போய்விடுவார். ரோபோ ஓட்டை போட்டுவிடும். சின்னப் பட்டறைகளில் இத்தனை நாள் வெல்டர் பிழைத்தது இந்த இடைவெளியால்தான். ரோபோ வாங்கினால் மட்டும் போதாது. ஜிக், டை, பிரஸ் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். அதற்கு முதலாளியிடம் பணம் இருக்காது.

ஏஐ அடைக்கப் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். டார்ச்சுக்கு முன்னால் ஒரு லேசர் கோடும் கேமராவும் ஓடும்; இணைப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று பார்த்து ரோபோ தன் பாதையைத் திருத்திக்கொள்ளும். கரண்டும் வோல்டேஜும் ஏறி இறங்குவதை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளந்து, உள்ளே காற்றுக்குமிழி விழுந்திருக்கும், இந்த பீஸைத் தனியே வை என்று சொல்லும். பீட்டைப் படம் எடுத்து, ஓரம் அரித்த அண்டர்கட்டையும் தெறித்து ஒட்டிய ஸ்பாட்டரையும் பிடிக்கும். புள்ளி புள்ளியாகச் சொல்லித் தரும் வேலையும் குறைகிறது. கம்ப்யூட்டரில் உள்ள வரைபடத்தைப் பார்த்துப் பாதையைத் தானே போட்டுக்கொள்கிறது. கோபாட் என்கிற சின்ன வகை ரோபோவின் கையைப் பிடித்து இப்படிப் போ என்று ஒரு முறை இழுத்துக் காட்டினால் போதும். இதனால் முதலில் ஆட்டம் காணப்போவது வரிசையின் கடைசியில் நின்று பீட்டை உற்றுப் பார்த்து சாக்பீஸில் வட்டம் போடும் இன்ஸ்பெக்டர் வேலை. அடுத்தது, ஒரே மாதிரி பீஸை ஆயிரக்கணக்கில் போடும் ஆபரேட்டர் வேலை.

எவ்வளவு வேகமாக வருகிறது? சர்வதேச ரோபாட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்குப்படி 2023-ல் இந்தியாவில் புதிதாக நிறுவப்பட்ட தொழிற்சாலை ரோபோக்கள் 8,510. முந்தைய வருஷத்தைவிட 59 சதவீதம் அதிகம். கார் தொழில்தான் அதை இழுத்தது. கேட்டால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே வருஷம் சீனாவில் நிறுவப்பட்டவை 2,76,000-க்கு மேல். தென்கொரியாவில் பத்தாயிரம் தொழிலாளிக்கு ஆயிரத்துச் சொச்சம் ரோபோ. நாம் அந்தப் பக்கம் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே ஆள் கூலி குறைவு என்பதுதான் காரணம். நம் சம்பளம் குறைவாக இருப்பதுதான் நம் வேலையைக் காப்பாற்றுகிறது என்பது பெருமைப்படுகிற சமாதானம் இல்லை. இருந்தாலும் நிலவரம் அதுதான்.

ரோபோவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் வேறு பக்கத்திலிருந்து வருவது தெரியாது. சைலன்சரை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை வளைத்து, தகட்டைச் சுருட்டி, சுற்றிச் சுற்றி வெல்டிங் போட்டால்தான் சைலன்சர். எலக்ட்ரிக் வண்டிக்கு சைலன்சர் கிடையாது. அங்கே வெல்டிங்கை யாரும் பறிக்கவில்லை. அந்தப் பொருளே இல்லாமல் போகிறது. டெஸ்லா கம்பெனி தன் மாடல் ஒய் காரின் பின்பக்க அடிப்பாகத்தை, சுமார் எழுபது துண்டுகளைச் சேர்த்துச் செய்வதற்குப் பதிலாக, அலுமினியத்தில் ஒரே வார்ப்பாக வார்த்தது. எழுபது துண்டு ஒன்றானால் நடுவில் இருந்த வெல்டிங் அத்தனையும் காணாமல் போகும். மனிதன் போட்டதும் சரி, ரோபோ போட்டதும் சரி. இன்னொன்று: இந்தப் பகுதியில் ஒரே நேரத்தில் மொத்தமாக ஆட்கள் வெளியே வந்தது 2014-ல் நோக்கியா ஆலை மூடியபோதும், 2022-ல் மறைமலை நகரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தியபோதும். இரண்டுக்கும் ரோபோ காரணம் இல்லை. வரித் தகராறு, கைமாறிய வியாபாரம், விற்காத கார் என்று வேறு கணக்குகள்.

ரோபோவால் வேலை போவது அப்படிச் சத்தமாக நடப்பதில்லை. பெர்மனென்ட் ஆளை யாரும் நிறுத்துவதில்லை; அவரை வேறு லைனுக்கு மாற்றுவார்கள். கான்ட்ராக்ட் முடிகிற பையனைப் புதுப்பிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். கேம்பஸுக்கு வந்து நாற்பது பேர் எடுத்துக்கொண்டிருந்த கம்பெனி அடுத்த வருஷம் பத்துப் பேர் எடுக்கும். சட்டம் இதைப் பிடிக்காதா என்று கேட்பீர்கள். ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றம் என்றால் தொழிலாளிக்கு 21 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் நோட்டீஸ் முறையை வைத்திருக்கிறது. ஆட்குறைப்பு செய்யப்படும் தொழிலாளியின் பதினைந்து நாள் சம்பளத்தை, வேறு தொழில் கற்பதற்கான நிதியாக, 45 நாளுக்குள் அவர் கணக்கில் போட வேண்டும் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட காலத்துக்கு என்று எடுத்து, அந்தக் காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பே ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரகடத்து ஆபரேட்டர்களில் எத்தனை பேர் அந்த வகை என்பது இந்தக் கடையில் நிற்கிற யாருக்கும் தெரியும்.

அப்படியானால் ரோபோவைத் தடுத்துவிடலாமே? கைத்தறிக்குச் சட்டம் இருக்கிறதே என்று நம் பக்கத்து நெசவாளர் கேட்பது நியாயம். விசைத்தறியில் நெய்யக் கூடாத ரகங்கள் என்று 1985-ல் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது உண்மை. காஞ்சிபுரத்துக்காரர்களை அது எந்த அளவுக்குக் காப்பாற்றியது, எந்த அளவுக்கு இல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பிள்ளைகள்தான் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். என் கருத்தைக் கேட்டால், வெல்டிங்குக்கு அப்படி ஒரு ஒதுக்கீடு வரவும் கூடாது. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் சேர்த்துவிட்டது. கண்ணில் ஆர்க் அடித்து, ராத்திரி மணல் அள்ளிப் போட்டது போல எரிய, உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக்கொண்டு படுத்தவரைக் கேளுங்கள். ஒரே ஜிக்கில் எட்டு மணி நேரம் அந்தப் புகையில் நிற்கும் வேலை ரோபோவுக்குப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பையனுக்கு அடுத்த வேலை என்ன என்பதில்தான் வருத்தம்.

அடுத்த வேலை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். திருச்சி பெல் நிறுவனத்தில் பாய்லர் செய்கிறார்கள். அங்கேயே 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் வந்தது. பாய்லர் குழாய் வெல்டருக்குத் தனிப் பரீட்சை உண்டு; அவர் போட்ட இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் சான்றிதழ் தருவார்கள். அனல் மின் நிலையத்தில் குழாய்கள் நெருக்கமாக நிற்கும். பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, தலையும் போகாது. அங்கே ஒரு சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் தெரிவதைப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் பீட் போடுவார்கள். மிரர் வெல்டிங் என்று பெயர். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும், கை நேராகப் போக வேண்டும். இடத்துக்கு இடம் மாறும் இந்த வேலைக்கு ரோபோவைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் வெல்டர் முடித்துவிட்டு இறங்கிவிடுவார். கப்பல், பாலம், ரிப்பேர், உடைந்த ஜேசிபி பக்கெட், வாலாஜாபாத் ரோட்டில் லாரி பாடி கட்டுகிற பட்டறை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வருகிற எந்த வேலையும் இப்போதைக்குப் பத்திரம்.

ஃபேக்டரிக்குள்ளேயும் ஒரு இடம் இருக்கிறது. ரோபோ போட்ட பீட் நன்றாக இருக்கிறதா என்று வெளியே பார்த்தால் தெரியாது. ஷிப்டுக்கு ஒரு பீஸை எடுத்துக் குறுக்கே அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து மினுக்கி, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தொட்டு வைப்பார்கள். சில நொடியில் உருகிய பகுதி நிழல் மாதிரி எழுந்து வரும். அடித்தகட்டுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கலாம். மேலே அழகாக இருந்த பீட், உள்ளே இறங்காமல் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அப்போது கரண்டைக் கூட்டுவதா, டார்ச் சாய்வை மாற்றுவதா, கம்பி வெளியே நீட்டும் அளவைக் குறைப்பதா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். ரோபோவுக்குச் சொல்லித் தருபவரும் அவரே. வெல்டிங் தெரியாமல் பெண்டன்ட் மட்டும் தெரிந்தவர் ரோபோவை நகர்த்துவார், பீட் வராது. கம்பெனிகள் ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புவது இந்த ஆளுக்காகத்தான்.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஆள் இதுவரை உருவான வழி ஒன்றுதான். முதலில் டார்ச் பிடித்து, ஆயிரம் பீஸ் கெடுத்து, ஃபோர்மேனிடம் திட்டு வாங்கி, சத்தத்தைக் கேட்டே கரண்ட் கூடுதலா குறைவா என்று சொல்லும் காது வந்து, அதன் பிறகுதான் மெஷினுக்கு செட்டிங் வைக்கும் செட்டராக ஆனார். ரோபோ எடுத்துக்கொள்வது இந்த ஏணியின் முதல் படியை. மேல் படியில் ஆள் வேண்டும் என்று கேட்கும் கம்பெனியே கீழ்ப்படியை எடுத்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்து இவர்களுக்கு செட்டர் எங்கிருந்து வருவார்? இதற்கு எந்தக் கம்பெனி அதிகாரியும் திருப்தியாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. கெடுத்துப் பழகுவதற்கு இனி ஃபேக்டரி இடம் தராது என்றால், அந்த இடம் பள்ளிக்கூடமாகத்தான் இருக்க வேண்டும்.

ஐடிஐ-யில் வெல்டர் பிரிவு ஒரு வருஷம். எட்டாம் வகுப்பு தேறினாலே சேரலாம். தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐ-களை 4.0 தொழில்நுட்ப மையங்களாக ஆக்கியது. ஒரகடம் ஐடிஐ-யும் அதில் ஒன்று. ரோபாட்டிக்ஸ் டெக்னீஷியன் படிப்பு அங்கே தனியாக வந்திருக்கிறது. வெல்டர் ஒரு கட்டடத்தில், ரோபோ ஒரு கட்டடத்தில் என்று பிரித்து வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே பையன் காலையில் சிஓ2 டார்ச் பிடித்துக் கை கறுக்க வேண்டும், மத்தியானம் பெண்டன்ட் பிடிக்க வேண்டும். செய்ய முடியாத காரியம் இல்லை.

ஆகவே சேர்க்கலாம். சேர்ப்பதற்கு முன்னால் ஐடிஐ-க்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். ரோபோ இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருக்கும். பையன்கள் அதை வாரத்தில் எத்தனை மணி நேரம் தொடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு பையனுக்கு வருஷத்தில் எத்தனை கிலோ கம்பியும் ராடும் பழகத் தருகிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கணக்கைத் தயங்காமல் சொல்கிற இன்ஸ்ட்ரக்டர் நல்ல இன்ஸ்ட்ரக்டர். பீஸை அறுத்து அமிலம் வைத்துப் பார்க்கச் சொல்லித் தருகிறார்களா, வரைபடம் படிக்கத் தெரிகிறதா என்று பாருங்கள். படித்து முடித்ததும் ஒரு வருஷம் சின்னப் பட்டறையில் எல்லா வேலையும் செய்துவிட்டுக் கம்பெனிக்குப் போனால் நஷ்டம் இல்லை, சம்பளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும். கம்பெனியில் சேருகிற அன்றைக்கு, கையில் தரும் தாளில் கம்பெனி பெயர் இருக்கிறதா, கான்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா, எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.